படத்தின் ஓரத்தில் ஒரு கை

பவித்ரா என்ற சிறுமியின் உடம்பில், தேவையைப் போல நான்கு மடங்கு எக்ஸ்ரே கதிரை நான் செலுத்தினேன். ஒரு முறை அல்ல, ஏழு முறை. முதல் நான்கு முறை அறியாமல் செய்தது. கடைசி மூன்று முறை தெரிந்தே செய்தேன். வெளியே தெரியாதபடி மறைக்கவும் செய்தேன்.

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இளைய ரேடியோகிராபர்கள் சிலர் தங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கேட்டார்கள். பிலிம் காலத்துக் கதைகளாக எழுதினால் சுவாரசியமாக இருக்கும் என்றார்கள். அப்படிப்பட்ட கதைகள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் இதைச் சொல்லாமல் அவற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் இரண்டு வருடம் ரேடியோகிராபி படித்து, திருத்தணியில் மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. படிப்பில் எனக்குக் கிடைக்காத வியப்பு முதல் வாரத்திலேயே கிடைத்தது. படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியை அழைத்து வந்தார்கள். மொட்டையடித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. படம் எடுத்து, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பிலிமை மருந்துத் தொட்டியில் அமிழ்த்தினேன். வெறும் தகடாக இருந்ததில் முதலில் ஒரு நிழல் வந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக அந்த முறிவு, மயிரிழை போல ஒரு கோடு. அந்தக் கைக்குச் சொந்தக்காரரே பார்க்காத ஒன்றை நான் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியிலிருந்து பிலிமை எடுக்க மறந்துவிட்டேன். அது கறுத்துப் போய், இரண்டாவது படம் எடுக்கவேண்டி வந்தது.

பிலிமிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. கதிர் குறைந்தால் படம் வெளுக்கும், கூடினால் கறுக்கும். இரண்டுமே டாக்டர் கண்ணில் படும்.

எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் ரங்கநாயகி. செவ்வாயும் வெள்ளியும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். வந்ததும் கைப்பையை நாற்காலியில் வைப்பார், கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைப்பார், பிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகுவார். அதன் பிறகு அவர் பார்க்கும் முதல் இடம் எலும்பு அல்ல. பிலிமின் நான்கு ஓரங்களையும் இடமிருந்து வலமாக ஒரு சுற்றுப் பார்ப்பார். எக்ஸ்ரே குழாயின் அடியில் ஒரு பெட்டி உண்டு. அதன் ஈயத் தகடுகளை நகர்த்தி, கதிர் விழும் இடத்தைச் சுருக்கலாம். சுருக்கினால் பிலிமின் ஓரத்தில் கதிர் படாத வெள்ளைச் சட்டம் தெரியும். கதவு போல அகலமாகத் திறந்துவிட்டால் ஓரம் வரை கறுப்புதான். வெள்ளைச் சட்டம் இல்லாத பிலிமை அவர் படிக்கமாட்டார். குரல் உயர்த்தவும் மாட்டார். பிலிமை உருவி என்னிடம் நீட்டி, "முனிரத்தினம், கையை எடுக்கச் சொன்னேன். ஆளையே எடுத்திருக்கீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பதினைந்து வருடம் பயந்தேன். பயத்தில் வேலை ஒழுங்காக நடந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் பிலிம் போய், கணினி எக்ஸ்ரே வந்தது. பிலிமுக்குப் பதில் ஒரு தகடு. கதிர் பட்ட தகட்டை ஒரு பெட்டிக்குள் நுழைத்தால், அது படித்துத் திரையில் படமாகக் காட்டும். அன்று மார்புப் படம் ஒன்று எடுத்தோம். ஒரே படத்தில் விசையை ஒரு பக்கம் நகர்த்தினால் நுரையீரலின் ரத்தக்குழாய்க் கிளைகள், மறுபக்கம் நகர்த்தினால் இதயத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் முதுகெலும்பு. டீ கொண்டுவந்தவர்கூட டம்ளரை நீட்டியபடியே நின்றார். பதினைந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம் பாதிப் படம்தானோ என்று தோன்றியது.

அந்த வியப்புதான் என்னைக் கெடுத்தது. பிலிம் தண்டித்த தவறை இந்தப் பெட்டி மன்னித்தது. கதிர் குறைந்தால் மட்டும் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் வரும். கூடினால் ஒன்றும் ஆகாது, கறுக்காது. உண்மையில் படம் இன்னும் வழவழப்பாக, அழகாக வரும். முதல் மாதத்தில் ஒரு படத்தைப் பார்த்து டாக்டர், "என்ன இது, ரவை கொட்டின மாதிரி இருக்கு" என்றார். நான் அளவைக் கொஞ்சம் கூட்டினேன். ரவை போயிற்று. பிறகு ரவையே வராமலிருக்க இன்னும் கொஞ்சம். குழந்தைகளுக்கென்று தனி அளவு வைத்திருந்தேன். அதையும் விட்டுப் பெரியவர்களின் அளவையே போட ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் படங்கள் பிரமாதமாக இருந்தன.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஓர் எண் வரும். தகட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதற்கான எண் அது. எங்களுடையதில் இருநூறை ஒட்டி இருந்தால் சரி என்று சொல்லித் தந்திருந்தார்கள். என்னுடையது நூறாகி, எண்பதாகி, ஐம்பதுக்கு வந்தது. எண் குறையக் குறைய, அளவைக் கூட்டியது நானே என்பதையும் மறந்து, குறைந்த கதிரில் நல்ல படம் எடுப்பதாக நினைத்துப் பெருமைப்பட்டேன். பௌதிகம் படித்தவன் நான். ஒரு தடவை புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்றும் செய்தேன். ஈயத் தகடுகளை நகர்த்திச் சுருக்குவதை விட்டுவிட்டேன். கதிரை அகலமாக விட்டு, படம் திரையில் வந்தபின் நாலு பக்கமும் வெட்டிவிடுவது சுலபம். வெட்டிய ஓரத்தில் நேர்த்தியான சட்டம் வரும். டாக்டர் வழக்கம்போல் ஓரங்களைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பட்ட கதிரை அந்தக் கத்தரிப்பு திரும்ப எடுக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன்.

பவித்ரா முதல் முறை வந்தபோது ஒன்பது வயது. பொதட்டூர்பேட்டை. அவள் அப்பா ஏகாம்பரம் வீட்டிலேயே இரண்டு விசைத்தறி வைத்து லுங்கி நெய்பவர். சிறுமியின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய ஆரம்பித்திருந்தது. வளைவு கூடுகிறதா என்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கோணம் அளக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்து ஆடுவாள். அப்பா பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு ஈய அங்கி மாட்டினேன். கைக்கு எதுவும் தரவில்லை. பவித்ராவை மார்பு குழாயைப் பார்க்கும்படி நிறுத்தினேன், ஏனென்றால் பாடப்புத்தகத்துப் படம் அப்படி. முதுகைக் குழாய்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் அதே கோணத்தை அளக்கலாம். வளரும் பெண்ணின் மார்புக்கும் கழுத்துச் சுரப்பிக்கும் கதிர் வெகுவாகக் குறையும். அதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் நாளே ஏகாம்பரம் கேட்டார். "சார், கொழந்த ஒடம்புக்கு இதால ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்றேன். இதெல்லாம் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே, பழைய மாதிரி இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து, பராமரிப்புக்கு வந்த இன்ஜினியர் என் படங்களைப் புரட்டிவிட்டுத் தயங்கினார். "சார், உங்க நம்பர் எல்லாம் ரொம்ப கம்மியா இருக்கே" என்றார். ஆமாம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த எண் தலைகீழானது. பாதியானால் கதிர் இரட்டிப்பு என்று அர்த்தம். ஐம்பது என்றால் வேண்டியதுபோல நாலு மடங்கு என்றார். என்னை அவமானப்படுத்தக் கூடாதென்று, திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். நான் செய்தது வேறு. அச்சாகும் படத்தில் அந்த எண் வராதபடி அமைப்பை மாற்றினேன். மெதுவாக அளவைக் குறைத்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்பது திட்டம். இரண்டு வாரம் குறைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர், "மறுபடி ரவையா?" என்றார். திங்கட்கிழமை பழைய அளவுக்கே போய்விட்டேன். இப்படிப் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் பவித்ரா மூன்று முறை வந்தாள். என் சட்டையில் ஒரு சிறு பட்டை குத்தியிருப்பேன். எனக்குப் படும் கதிரை அளக்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அறிக்கை வாங்குவோம். எனக்கு எப்போதும் அநேகமாகப் பூஜ்யம். தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்பவனை அளந்துகொண்டிருந்தோம். முன்னால் நிற்பவளுக்கு அளவு எதுவும் இல்லை.

பிறகு டாக்டர் மேசைக்கும் ஒரு திரை வந்தது. என் அறையிலிருந்து கம்பி இழுத்து, படங்கள் நேராக அங்கே போகும்படி செய்தார்கள். அந்தத் திரையில் படம் வெட்டப்படாமல் முழுதாகத் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, வளைவு எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க, பவித்ராவின் ஏழு படங்களையும் அவர் வரிசையாகத் திறந்தார். என்னைக் கூப்பிட்டார். போய்ப் பின்னால் நின்றேன்.

தாடை, பல் வரிசை, இரண்டு தோள், இடுப்பு, தொடை பாதிவரை. சிறுமி முழுதாக அங்கே நின்றாள். நடுவில் அந்த முதுகெலும்பு. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நடுவில் தயங்கி ஒதுங்கி, மறுபடி மையத்துக்குத் திரும்பித் தலையைத் தாங்கின. உடம்பு தன்னை நேராக வைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன். அவள் இடது தோளின்மேல் ஒரு பெரிய கை. ஐந்து விரல் எலும்புகளும் மோதிரமும். ஏழு படத்திலும் அதே கை.

"இது யாரோட கை?" என்றார் டாக்டர்.

"அவங்க அப்பாவோடது, மேடம்."

மூலையில் இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். பதினொரு மாதம் என்றேன். பொய் சொல்ல அந்த அறையில் இடமில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"ரவைன்னு சொன்னது நான்தான். அது என் தப்பு. ஆனா ஓரத்தைப் பார்த்துத்தான் நான் உங்களை நம்பினேன், முனிரத்தினம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு ரயில் முன்னதாகவே வந்தார். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பி, குழந்தையின் உடம்புக்குப் பதிலாக அதை நிறுத்தினோம். கேனுக்குப் பின்னால் ஒரு கோழி எலும்பைக் கட்டினேன். படம் எடுப்பது, அளவைக் குறைப்பது, மறுபடி எடுப்பது. ஒவ்வொரு தடவையும் ரவை கூடியது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "எலும்போட ஓரம் தெரியுதா? தெரியுதில்ல, இன்னும் குறைங்க. எனக்கு அழகான படம் வேணாம், கோணம் அளக்க முடிஞ்சா போதும்" என்றார். குறைத்துக்கொண்டே போனோம். இருநூறு காட்டும் அளவு கதிர்கூடத் தேவையில்லை, அதிலும் பாதிக் கதிரில் எலும்பின் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. கூடுதல் கதிரில் கிடைத்த வழவழப்பை இத்தனை வருடம் கண்டு மயங்கியவனுக்கு, எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது அதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. குழந்தைகளை முதுகு திருப்பி நிறுத்துவது, தகடுகளைச் சுருக்குவது, பிடித்துக்கொள்ள ஆளுக்குப் பதில் மரச்சட்டம், அச்சில் எண் கட்டாயம், எல்லாம் அந்த மாதமே எழுதிச் சுவரில் ஒட்டினோம். நிர்வாகம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. அது எனக்குப் போதவில்லை.

பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஏகாம்பரம் தறியில் இருந்தார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். நான் வாசலில் நின்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா சார்?" என்று காதில் கை வைத்தார். மறுபடி உரக்கச் சொன்னேன். இதை உரக்கச் சொல்ல நேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். அப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப புள்ளைக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாமலே போகலாம். அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். பின்னால ஏதாவது வரவும் வரலாம். எனக்குத் தெரியல."

"தெரியாததுக்கு எதுக்கு சார் சொல்ல வந்தே?" என்றார். அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "ஒண்ணும் ஆவாதுன்னு நீதானே சொன்னே. நானும் கூடவே நின்னுகினு புடிச்சிகினு இருந்தேனே."

உள்ளே போய்த் தறியை ஓடவிட்டார். அது என்னைப் போகச் சொல்வது என்று புரிந்துகொண்டேன்.

அதன்பின் பவித்ரா மருத்துவமனைக்கு வரவில்லை. நான்கு மாதம் ஆயிற்று, எட்டு மாதம் ஆயிற்று. டாக்டரிடம் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொண்டார். "பாதியைச் சொல்லிட்டு வந்திருக்கீங்க. எடுக்காம விட்டா என்ன ஆகும்னு யார் சொல்றது? பதினோரு வயசு, இப்பத்தான் அது வேகமா வளையும்." மறுபடி போனேன். ஏகாம்பரம் வெளியே வரவில்லை. மூன்றாவது தடவை போனபோது வாசலுக்கு வந்து, பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். என் மனத்தை இறக்கி வைக்கப் போய், அந்த மனிதரிடம் ஒரு பயத்தை வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பயத்தின் பலனை அனுபவித்தது மறுபடியும் அதே சிறுமிதான்.

இரண்டு வருடம் கழித்து அவர்களாகவே வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாவாடையை எப்படித் தைத்தாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதென்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். சின்னக் கோணலும் ஏகாம்பரத்தின் கண்ணுக்குத் தப்பாது. மகளைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்திருக்கிறார். அன்றே பஸ் ஏறிவிட்டார்கள்.

பவித்ரா உயரமாகியிருந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. எக்ஸ்ரே அறைக்குள் வந்ததும் என்னை நேராகப் பார்த்தாள்.

"நைனாவாண்ட வந்து சொன்னீங்களாமே. என்னாண்ட யாரும் சொல்லல."

டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன், நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தேன், அப்பாவிடம் மூன்று தடவை போனேன். உடம்பு யாருடையதோ அவளிடம் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளுக்குச் சொன்னேன். எண் என்றால் என்ன, அதை எப்படித் தலைகீழாகப் புரிந்துகொண்டேன், எப்போது தெரிந்தது, எப்படி மறைத்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எத்தினி வாட்டி?"

"ஏழு. தெரிஞ்சப்புறம் மூணு."

"இப்ப எவ்ளோ போடுவீங்க?"

முன்பு போட்டதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் முதுகுப் பக்கமாக என்றேன். எடுத்ததும் எண்ணைக் காட்டுகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். எனக்கு அந்த அறையில் அதுவரை எந்த நோயாளியும் இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை. முடியாது என்று அவள் போய்விட முழு நியாயமும் இருந்தது. பதின்மூன்று வயதுப் பெண் எதை எதோடு நிறுத்துப் பார்த்தாளோ, திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுங்க."

வளைவு முப்பத்தாறு பாகை வந்திருந்தது. கடைசியாகப் பார்த்தபோது இருபத்திரண்டு. அந்தப் பதினான்கில் எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் சென்னைக்கு அனுப்பி, உடம்பைச் சுற்றி மாட்டும் கவசம் செய்ய ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டே போனாள். வெயில் காலத்தில் உள்ளே தோல் உரிந்துவிடும் என்று ஏகாம்பரம் சொன்னார். இப்போது மறுபடி என்னை 'ங்க' போட்டுப் பேசினார், ஆனால் பழைய மாதிரி இல்லை. நாற்பதைத் தாண்டாமல் வளைவு நின்றது. வலது தோள் சற்றுத் தாழ்ந்தேதான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் எடுத்த படத்துக்குப் பிறகு, அவள் எல்லாவற்றையும் எழுதித் தரும்படி கேட்டாள். மருத்துவமனைத் தாளில் என் கைப்பட எழுதினேன். முதலிலிருந்து ஒவ்வொரு படத்தின் தேதி, எண், எந்தப் பக்கமாக நிறுத்தி எடுத்தது, எத்தனை மடங்கு கூடுதல். கீழே கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் போட்டார். பவித்ரா அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இத யாராண்ட குடுக்கணும்?"

"பெரியவளானப்புறம் உடம்புல எங்கயாவது கட்டி மாதிரி தெரிஞ்சா, மொதல்ல டாக்டர்கிட்ட இதக் காட்டும்மா."

"ஒண்ணும் வரலன்னா?"

"கிழிச்சுப் போட்டுடு."

"எப்ப சார் கிழிக்கலாம்?"

அவளுக்கு இருபது வயதா, நாற்பதா, அறுபதா. எந்த வயதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாய்ந்த ஒன்று; கண்ணுக்குத் தெரியவில்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. அதற்கான பதில் வருவதற்குள் நான் போயிருப்பேன், டாக்டர் போயிருப்பார், அந்த இயந்திரத்தையும் யாராவது பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அவள் மட்டும் காத்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். தாளை நான்காக மடித்து ஏகாம்பரத்திடம் நீட்டினாள்.

"ரேஷன் கார்டு வெக்கிற டப்பால போட்டு வெய்யி, நைனா. நம்ம வூட்ல அது ஒண்ணுதான் தொலையாது."